வெள்ள மண்டலத்தில் வீடு: எலிவேஷன் சர்டிபிகேட் எடுக்கத்தான் வேண்டுமா?

அமெரிக்காவின் ஹூஸ்டனில் நீங்கள் பார்த்திருக்கும் வீடு ஏஇ மண்டலத்தில் (வெள்ள அபாயம் அதிகமுள்ள பகுதி) வருகிறது, வெள்ளக் காப்பீடு கட்டாயம் என்கிறது வங்கி, எலிவேஷன் சர்டிபிகேட்டுக்காக (வீடும் அதை ஒட்டிய மண்ணும் எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று காட்டும் சான்றிதழ்) சர்வேயருக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள். முதலில் விற்பவரிடம் கேளுங்கள், அடுத்து நகராட்சியில் வெள்ளச் சமவெளி அனுமதிகளைக் கவனிக்கும் அலுவலகத்தில் கேளுங்கள். நான் பணம் கட்டி அளந்த பிறகுதான், எங்கள் வீட்டின் பழைய சர்டிபிகேட் நகராட்சிக் கோப்பிலேயே இருந்தது தெரிந்தது.

பிரீமியத்துக்கு அது கட்டாயம் என்பது பழைய கதை. 2021 அக்டோபரில், வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தை நடத்தும் அமெரிக்கப் பேரிடர் அமைப்பான ஃபீமா, பிரீமியம் கணக்கிடும் முறையை மாற்றிவிட்டது. இப்போது சர்டிபிகேட் இல்லாமலே பாலிசி எடுக்கலாம். கொடுத்துப் பார்த்துப் பிரீமியம் குறைந்தால் லாபம்.

அதன் உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்த சர்வேயர் வாசல் தளத்தையும் கராஜையும் அளந்தார், ஏசி யூனிட் நிற்கும் மேடையைக்கூட விடவில்லை. கடைசியில் பின்பக்கம் போய், கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் சுவரை ஒட்டிய மண்ணில் அளவுகோலை ஊன்றினார். வீட்டைத் தொடும் மண்ணிலேயே மிகத் தாழ்வான இடம் அதுதான். எந்த ஆண்டிலும் 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம் எட்டும் மட்டத்தை விட அந்த இடம் அரை அடி உயரத்தில் இருந்தது.

அந்த அரை அடிதான் எல்லாம். இயற்கையான மண்ணே அந்த மட்டத்திலோ அதற்கு மேலோ இருந்தால் ஃபீமாவிடம் 'லோமா' கடிதம், அதாவது வீடு வெள்ள மண்டலத்தில் இல்லை என்று வரைபடத்தைத் திருத்தும் கடிதம், கேட்கலாம், விண்ணப்பக் கட்டணம் கிடையாது. (மண் கொட்டி மேடாக்கிய மனை என்றால் வேறு விண்ணப்பம், அதற்குக் கட்டணம் உண்டு.) கடிதம் வந்ததும் எங்கள் வங்கி கட்டாயத்தை நீக்கியது. எல்லா வங்கியும் நீக்கியாக வேண்டும் என்பதில்லை.

பழைய தாள் கிடைத்தால் பி பகுதியில் வெள்ள மட்டத்தையும் சி பகுதியில் மண் மட்டத்தையும் பாருங்கள். நிலத்தடி நீரை உறிஞ்சியதால் ஹூஸ்டனில் பல இடங்களில் தரையே இறங்கியிருக்கிறது. எனவே பழைய எண்ணை இன்றைய வரைபடத்தோடு அப்படியே ஒப்பிடாமல் ஒரு சர்வேயரிடம் காட்டிவிடுங்கள்.

கடிதம் வந்த பிறகும் நான் பாலிசியை விடவில்லை. 2017இல் ஹார்வி புயலில், ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுன்டியில் மூழ்கிய வீடுகளில் பாதிக்கு மேல் இந்த மண்டலத்துக்கு வெளியே இருந்தவை. சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குத் தராது. தனியாக எடுக்கும் வெள்ளப் பாலிசி பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். வீட்டுக் கடனோடு சேர்த்து எடுத்தால் அந்தக் காத்திருப்பு இல்லை, அதனால் வீடு வாங்கக் கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் நாளிலேயே எடுத்துவிடுங்கள்.