ஸ்டெம் செல் மாற்றுக்குப் பின் உடற்பயிற்சி: கேள்வி-பதில்

கே: மாற்று முடிந்து 40 நாள் ஆகிறது. டம்பெல் எடுக்கலாமா?

பிளேட்லெட் (ரத்தத்தை உறையவைக்கும் அணுக்கள்) எவ்வளவு என்று எழுதாமல் டம்பெல்லைப் பற்றிக் கேட்டால் நான் எதை வைத்துச் சொல்வது? 50 ஆயிரத்துக்கு மேல் என்றால், பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்க, லேசான எடையில் தொடங்கலாம். 20க்கும் 50க்கும் நடுவில் இருந்தால் ரப்பர் பேண்டும் நடையும் போதும். 10க்குக் கீழே போய்விட்டால் பாத்ரூம்வரை போய்வருவதே அன்றைய பயிற்சி. உங்கள் மருத்துவமனையின் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், அதன்படியே நடங்கள்.

கே: நெஞ்சில் கதீட்டர் (மருந்து ஏற்றும் குழாய்) இருக்கிறது. நீந்தலாமா?

கூடாது. கதீட்டரை எடுத்த பிறகும் டாக்டர் சரி என்று சொல்லும்வரை கூடாது.

கே: அப்பா வீட்டுக்கு வந்து மூன்று வாரம். சாப்பாடு, தண்ணீர் எல்லாம் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். ஆனாலும் சோர்வு கூடிக்கொண்டே போகிறது. இன்னும் எத்தனை நாள் ஓய்வு தேவை?

‘ஆனாலும்’ இல்லை, ‘அதனால்தான்’. இந்தக் கடிதம் மாதம் தவறாமல் யாரிடமிருந்தாவது வந்துவிடுகிறது. படுக்க வைப்பதுதான் பாசம் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ! படுத்தே கிடந்தால் தசை கரையும். கூடவே ஸ்டீராய்டும் சாப்பிட்டால் முதலில் அடி வாங்குவது தொடையும் இடுப்பும்தான். ஒருவரை நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொன்னேன். அவர் முன்னால் குனிவதற்குள் இரண்டு மகன்களும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்திவிட்டார்கள். தொடைக்கு வேலையே இல்லை!

அப்பாவைச் சாப்பாட்டு மேஜைக்கு வரச் சொல்லுங்கள். எழும் முன் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்காரட்டும், தலை சுற்றக்கூடும். நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரட்டும், முடிந்தால் கை ஊன்றாமல். ஐந்தைந்து நிமிடமாக நாளுக்கு மூன்று நடை. நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும், தூக்க வேண்டாம். காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் பயிற்சியை விடுங்கள், உடனே மருத்துவமனைக்குப் போன் போடுங்கள். அப்புறம், பிளேட்லெட் எண்ணிக்கையைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கே: மெதுவாக நடந்தாலே வாட்ச் இதயத்துடிப்பு 130 என்று காட்டுகிறது.

ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் அப்படித்தான் ஓடும். ஆனால் அதுதான் காரணமா என்று டாக்டரிடம் காட்டிவிடுங்கள். நடக்கும் வேகத்துக்கு வாட்சை நம்ப வேண்டாம். மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகமே சரியான வேகம்.

கே: ஆறு மாதமாக பிரெட்னிசலோன். நடந்தால் தொடை இடுக்கில் வலி. வேகமாக நடந்தால் பழகிவிடுமா?

பழகாது. ஸ்டீராய்டால் தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்ஆர்ஐ தேவைப்படும். அதுவரை நடையைக் குறைத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள்.

கே: ஜிவிஹெச்டியால் (டோனர் செல்கள் என் உடம்பையே தாக்குவதால்) மணிக்கட்டுத் தோல் இறுகுகிறது. வாரம் ஒருநாள் பிசியோ போதுமா?

போதாது. தினமும் நீட்டிப் பிடிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் அரை நிமிடம். கும்பிடுவதுபோல் கைகளைச் சேர்த்து, முழங்கைகளை உயர்த்திப் பாருங்கள். உள்ளங்கைகளுக்கு நடுவில் இடைவெளி கூடினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்காதீர்கள்.

கே: தோட்ட வேலை?

மண்ணைக் கிளறாதீர்கள். பூஞ்சை நுரையீரலுக்குள் போகும்.

கே: நல்ல பயிற்சியாக ஒன்று சொல்லவும்.

வயது இல்லை, டோனர் செல்லா சொந்த செல்லா என்று இல்லை, பிளேட்லெட்டும் இல்லை. ரிப்போர்ட்டோடு திரும்ப எழுதுங்கள்.