எக்ஸ்ரே நார்மல் என்று வந்த பிறகும் சிடி ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

மூன்று மாத இருமல், எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ஆனாலும் ஹெச்.ஆர்.சி.டி (நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் சிடி ஸ்கேன்) எடுக்கச் சொல்கிறார்கள், தேவைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் அம்மா விஷயத்தில் தேவைப்பட்டது.

நாங்கள் மும்பை செம்பூரில் மூன்றாவது மாடி. அம்மாவுக்கு ஒன்றரை வருஷமாக வறட்டு இருமல். இரண்டு முறை எக்ஸ்ரே எடுத்தும் நார்மல் என்றே வந்ததால், பக்கத்து டாக்டர் ஆஸ்துமா என்று முடிவுகட்டி இன்ஹேலர் கொடுத்துவிட்டார், ஊதிப் பார்க்கும் டெஸ்ட்கூட எடுக்கவில்லை. அம்மாவோ படியேறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். "வயசாச்சுப்பா" என்பார். நாங்களும் நம்பினோம், அதுதான் இன்றும் மனதை அறுக்கிறது.

அப்புறம் போன நுரையீரல் டாக்டர்தான் ஹெச்.ஆர்.சி.டி எழுதினார். எக்ஸ்ரே என்பது நெஞ்சு முழுவதையும் ஒரே தாளில் அழுத்தி எடுக்கும் நிழல். விலா எலும்பு, இதயம் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக விழுவதால் லேசான மாற்றம் அதில் மறைந்துபோகும். ஹெச்.ஆர்.சி.டி நுரையீரலைச் சுமார் ஒரு மில்லிமீட்டர் கனத்தில் சீவிச் சீவிக் காட்டுகிறது. அம்மாவை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி ஒரு தடவை, முழுக்க வெளியே விடச் சொல்லி ஒரு தடவை என்று எடுத்தார்கள். மூச்சை விட்டால் நுரையீரல் கொஞ்சம் வெளுக்க வேண்டும். அம்மாவின் படத்தில் சில இடங்கள் கறுப்பாகவே நின்றன. சின்னக் காற்றுக்குழாய்கள் வீங்கிக் காற்று வெளியேறாமல் அங்கே மாட்டிக்கொண்டிருந்தது.

டாக்டர் ஃபிலிமை லைட்டில் மாட்டி நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "வீட்டில் புறா வருமா?"

வரும். படுக்கையறை ஏசிக்குப் பின்னால் கூடே கட்டியிருந்தது. அந்த எச்சத்தை அம்மாதான் வாரத்துக்கு ஒருமுறை காய்ந்த துடைப்பத்தால் கூட்டித் தள்ளுவார். அந்தத் தூசிக்கு நுரையீரல் ஒவ்வாமையால் வீங்கும் நோய் உண்டு, ஹைப்பர்சென்சிடிவிட்டி நிமோனைட்டிஸ் என்பார்கள். 2025-ல் மும்பை தாதரில் புறாக்களுக்குத் தீனி போடும் இடமான கபூதர்கானாவைத் தார்ப்பாய் போட்டு மூடியபோது ஊரே இரண்டுபட்டுப் பேசியது இதை வைத்துத்தான்.

அதற்காக எல்லோரும் சிடிக்கு ஓட வேண்டாம். நிமோனியா, நெஞ்சில் நீர் கோத்தல் போன்றவற்றை எக்ஸ்ரேயே பெரும்பாலும் காட்டிவிடும். ஆஸ்துமாவில் எக்ஸ்ரே பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும், அதற்கு ஊதிப் பார்க்கும் டெஸ்ட்தான். எக்ஸ்ரேயில் டிபி மாதிரித் தெரிந்தாலும் உறுதிசெய்யச் சளிப் பரிசோதனை வேண்டும், பழைய டிபியின் தழும்பும் படத்தில் நிழலாகவே நிற்கும். கதிர்வீச்சையும் பாருங்கள்: நெஞ்சு எக்ஸ்ரேக்குச் சுமார் 0.1 மில்லிசீவர்ட், சாதாரண நெஞ்சு சிடிக்குச் சுமார் 6, 7. இயற்கையாக நம் உடம்பில் வருஷத்துக்குப் படுவதே 2.4 முதல் 3 வரை. காரணத்தோடு ஒருமுறை எடுப்பதற்குப் பயப்பட வேண்டாம், கர்ப்பமாக இருந்தால் மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

எதைச் சந்தேகப்பட்டு எழுதுகிறீர்கள் என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், வெறும் ரிப்போர்ட் தாள் போதாது. வீட்டில் புறா, கிளி, சுவரில் பூஞ்சை, வேலையிடத்துத் தூசி எது இருந்தாலும் கேட்கும் முன்பே சொல்லுங்கள். எங்களிடம் அதை ஒன்றரை வருஷமாக யாரும் கேட்கவில்லை, சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.