கழுத்து நோவோடு குதிரையில் ஏறலாமா?

கேள்வி: எனக்கு 47 வயது. கழுத்தெலும்புத் தேய்மானத்துக்குச் சிகிச்சை எடுக்கிறேன். ஆகஸ்டில் கனடாவிலிருந்து தம்பி குடும்பம் வருகிறது. உப்புவெளிக் கடற்கரையில் எல்லோரும் குதிரையில் போக வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசை. குதிரைக்காரர் பாதிக் காசை முற்பணமாகக் கேட்கிறார், திருப்பித் தரமாட்டாராம். காயம் பட்டால் தாங்கள் பொறுப்பில்லை என்ற படிவத்தில் கையெழுத்தும் வேண்டுமாம். "குதிரை சாது, பயப்படாதீங்க" என்கிறார். கழுத்துப் பட்டி போட்டுக்கொண்டு ஏறலாமா?
வாசகி, திருகோணமலை

பதில்: உங்கள் பங்குக்கான முற்பணத்தை இப்போது கொடுக்காதீர்கள். முதலில் சிகிச்சை தரும் டாக்டரிடம், குதிரை ஏறப் போகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லிக் கேளுங்கள். கை விறைப்பு, விரல் கூச்சம், பொத்தான் போடும்போது தடுமாற்றம், குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, நடையில் தள்ளாட்டம், இதில் ஒன்று இருந்தாலும் ஏறவே வேண்டாம். முண்ணாண், அதாவது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு, நெரிபடுவதன் அடையாளமாக அது இருக்கலாம். ஆகஸ்ட் வரை காத்திராமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்படி எதுவும் இல்லை, டாக்டரும் சம்மதிக்கிறார் என்றால், குதிரை எப்படிப் போகும் என்பதைப் பேசிக்கொள்ளுங்கள். மெதுவாக நடக்கையில் குதிரை ஒவ்வொரு காலாக வைக்கும். உங்கள் இடுப்புதான் லேசாக ஆடும். துள்ளோட்டம் தொடங்கினால் கதை வேறு. குறுக்குவாட்டில் இரண்டிரண்டு கால்கள் சேர்ந்து விழும், ஒவ்வோர் அடிக்கும் சேணம் உங்களைத் தூக்கிப் போடும். நாலைந்து கிலோ எடையுள்ள தலையைத் தாங்கிக்கொண்டு கழுத்து அந்தக் குலுக்கலை வாங்கும். பழகியவர்கள் சேணத்தில் தொங்கும் கால்வளையமான அங்கவடியில் கால் ஊன்றி எழும்பி இருந்து அதைத் தணிப்பார்கள். முதல்முறை ஏறுபவருக்கு அது வராது. ஆகவே நடை மட்டும், கயிற்றைப் பிடித்து ஓர் ஆள் கூடவே வர வேண்டும், அதுவும் பத்து நிமிடம் போதும்.

குதிரை சாதுவாகவே இருக்கட்டும். படகு எஞ்சின் சத்தத்துக்கோ குறுக்கே ஓடும் நாய்க்கோ எந்தக் குதிரையும் மிரளும். அலை நனைத்து இறுகிய மணலில் அந்த உயரத்திலிருந்து விழுந்தால் சாதாரண அடியாக இராது. குதிரையேற்ற ஹெல்மெட் தலையைக் காக்கும், கழுத்தைக் காக்காது. கழுத்துப் பட்டியும் விழும்போது உதவாது. பட்டி இல்லாமல் இருக்க முடியாத அளவுக்கு நோவு என்றால், அன்று குதிரைப் பக்கமே போகாதீர்கள். இதற்கென்று புதிதாகப் பட்டி வாங்குவது வீண் செலவு.

படிவத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவர்களின் கவனயீனத்தால் ஒருவர் காயப்பட்டால், "நாங்கள் பொறுப்பில்லை" என்று எழுதி வாங்கித் தப்ப முடியாது. நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் பற்றிய 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. ஆனால் உடல்நிலை பற்றிய கேள்விக்கு உண்மையையே எழுதுங்கள். மறைத்தால் பிறகு அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும்.

தம்பி குடும்பத்துக்கு முற்பணம் கட்டுவதானால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். மழை பெய்தால், குதிரைக்குச் சுகமில்லாமல் போனால் காசு திரும்பும் என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரிடம் கட்ட வேண்டாம். பேசியபடி நடக்காவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்துக் கேட்கலாம், முறைப்பாட்டை மட்டும் தாமதிக்காமல் எழுத்தில் கொடுங்கள். தம்பியின் பயணக் காப்புறுதி குதிரையேற்றத்தை விலக்கியிருக்கிறதா என்று அவர் அங்கிருந்து புறப்படும் முன்பே பார்க்கச் சொல்லுங்கள்.