சப்வூஃபர் சேர்த்தபின் பாஸ் தனியாக உறுமுகிறது, ஏன்?

பெரும்பாலும் குற்றம் பாஸ் எனும் தாழ்ந்த ஒலியை எழுப்பும் சப்வூஃபரில் இல்லை, அது நிற்கும் இடத்தில். 4 மீட்டர் நீள அறையில் சுமார் 43 ஹெர்ட்ஸில் ஒலி சுவருக்குச் சுவர் மோதி நிலை அலையாகும். ஓரிடத்தில் வீங்கும், இன்னோரிடத்தில் காணாமல் போகும். காணாமல் போன பாஸை ஈக்வலைசரால் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி) மீட்க முடியாது. ஆம்பிளிஃபயர்தான் திணறும்.

ஆகவே முதலில் இடம். நீங்கள் உட்காரும் இருக்கையில் சப்வூஃபரை வைத்து, பாஸ் கிட்டார் தெளிவாக உள்ள பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேளுங்கள். ஒவ்வொரு சுரமும் ஒரே அளவில் கேட்கும் இடமே அதற்கான இடம். கூச்சப்படாதீர்கள், இதைவிட நல்ல வழி அரிது.

மற்ற ஸ்பீக்கர்களின் ஒலி 60 ஹெர்ட்ஸில் தேய்ந்தால், சப்வூஃபர் எந்த அதிர்வெண் வரை ஒலிக்கும் என்று தீர்மானிக்கும் கிராஸ்ஓவர் குமிழையும் அதனருகே வையுங்கள். 100-க்கு மேல் போனால் சப்வூஃபர் இருக்கும் திசை காதுக்குத் தெரிந்துவிடும். எல்எஃப்இ (தாழ்ந்த ஒலிக்கான தனி சேனல்) உள்ளீட்டில் செருகினால் பல மாடல்களில் இந்தக் குமிழ் வேலையே செய்யாது, லைன்-இன் எனும் சாதாரண ஆடியோ உள்ளீட்டைப் பயன்படுத்துங்கள்.

அடுத்து, சப்வூஃபரின் அலையை ஸ்பீக்கர்களின் அலையோடு ஒத்துப்போக வைக்கும் ஃபேஸ்: கிராஸ்ஓவர் அதிர்வெண்ணில் டெஸ்ட் டோன் ஒலிக்க, 0, 180 டிகிரி இரண்டிலும் கேட்டு, இருக்கையில் சத்தம் கூடுவதைத் தேர்ந்தெடுங்கள். வால்யூம் கடைசியில்தான். சப்வூஃபர் தனியாகத் தெரியும்வரை ஏற்றி, அது மறையும்வரை இறக்குங்கள். நிறையப் பேர் இதில்தான் ஏற்றிவைத்துக் கெடுக்கிறார்கள்.