எல்.என்.கேப் செல்கள் மிதந்து வந்தால்

வணக்கம். ஆய்வகத்தில் நீங்கள் வளர்க்கும் இரண்டு புராஸ்டேட் புற்றுநோய்ச் செல் வகைகளில் பி.சி.3 (PC-3) நன்றாக வளர, அதே முறையில் புது பிளாஸ்குக்குப் பிரித்து வைத்த எல்.என்.கேப் (LNCaP) மட்டும் மறுநாளே பாதி மிதக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கைப்பக்குவத்தில் தவறில்லை. நிணநீர்க் கணுவுக்குப் பரவிய கட்டியிலிருந்து 1977-இல் எடுத்த இந்தச் செல்கள் இயல்பாகவே லேசாகத்தான் ஒட்டும். தட்டு முழுக்க நிரம்பும் என்றும் காத்திருக்காதீர்கள், திட்டுத்திட்டாகத்தான் வளரும்.

மறுநாளே மீடியம் (செல்கள் வளரும் ஊட்டத் திரவம்) மாற்றியதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். பிரித்து வைத்தபின் 48 மணி நேரம் பிளாஸ்கைத் தொடாதீர்கள். மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் ஆசையில் எடுத்து ஆட்டினாலே பெயர்ந்துவிடும், நானும் அப்படி இழந்திருக்கிறேன். பிறகு மாற்றும்போது மீடியத்தை 37 டிகிரிக்குச் சூடாக்கி, செல் இல்லாத பக்கச் சுவரில் பைப்பெட் நுனியை வைத்துச் சொட்டுச்சொட்டாக வழியவிடுங்கள். மிதப்பவற்றைக் கொட்டாதீர்கள். இறந்த செல்லில் மட்டும் ஏறும் டிரிப்பான் ப்ளூ சாயம் போட்டுப் பாருங்கள். நீலம் ஏறாதவை உயிருள்ளவை, சென்ட்ரிபியூஜில் மெதுவாகச் சுழற்றி எடுத்துத் திரும்ப விடலாம்.

அப்படியும் ஒட்டாவிட்டால் செல்கள் பிடித்துக்கொள்ள உதவும் பாலி-டி-லைசின் பூசிய தட்டு கைகொடுக்கும். பூசியபின் நன்றாகக் கழுவுங்கள், மிச்சம் இருந்தால் அதுவே செல்லைக் கொல்லும்.

இந்தச் செல்களின் எண்ணிக்கை இரட்டிப்பாக இரண்டரை நாள் வரை ஆகும், அதனால் மிக ஐதாக விதைக்காதீர்கள்.

தயவுசெய்து பி.சி.3-க்கு மட்டும் மாறிவிடாதீர்கள். உங்கள் ஆய்வு ஆண் ஹார்மோனான ஆண்ட்ரோஜனைப் பற்றியது, பி.சி.3 அந்த ஹார்மோனுக்கு அசையாது. எல்.என்.கேப்பில் அந்த ஹார்மோனை உணரும் ஏற்பியிலும் (receptor) ஒரு மரபணுப் பிறழ்வு உண்டு, புரொஜெஸ்டிரோன் என்ற வேறொரு ஹார்மோனுக்குக்கூடத் தூண்டப்படும். முடிவுகளைப் படிக்கும்போது அதை மனதில் வையுங்கள்.

இரண்டு நாள் கழித்து எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.