சாயாத படகும் கவிழாத படகும்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி கட்டமரன் பற்றியே, அதாவது இரண்டு உடலைச் சேர்த்துக் கட்டிய பாய்ப்படகு. பாசிக்குடாப் பக்கம் ஒன்று வந்து நின்றால் போதும், ஊரெல்லாம் அதே கதைதான். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கட்டமரனில் போனால் வாந்தி வராது என்கிறார்களே, உண்மையா? என் மனைவிக்குத் தோணியில் ஏறினாலே தலை சுற்றும். (கல்முனை)

பாதி உண்மை. வயிற்றைக் கலக்குவது சாய்வு அல்ல, ஆட்டம். அதிலும் ஐந்தாறு செக்கனுக்கு ஒரு தடவை மேலே போய்க் கீழே வரும் ஆட்டம்தான் மோசம். ஒற்றை உடல் படகு காற்றுக்கு 15, 20 பாகை சாயும். சாய்ந்தபடியே நிதானமாக ஓடும், ஏனென்றால் பாயில் பிடித்த காற்றே அதன் உருளலை அடக்கிவிடும். கட்டமரன் ஐந்து பாகைகூடச் சாயாது. ஆனால் ஓர் உடல் அலைமேலும் மற்றது பள்ளத்திலும் நிற்கும்போது வெட்டி வெட்டி ஆட்டும். இரண்டு உடலையும் இணைக்கும் நடுத்தட்டு தாழ்வாக இருந்தால் அடியில் அலை வந்து அறையும் சத்தம் வேறு. மேசையில் வைத்த தேத்தண்ணி சிந்தாது, குடிக்க வேண்டியவர்தான் படுத்துக் கிடப்பார்.

சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில் ஒரு காலை நேரமாகப் பார்த்துக் கூட்டிப் போங்கள். நடுவிலிருந்து சற்றுப் பின்பக்கமாக இருத்தி, அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். போனை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை போடுவதென்றால் ஏறுவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன்பு. வாந்தி தொடங்கிய பிறகு போடும் மாத்திரை கடலுக்குத்தான் போகும்.

ஒற்றை உடல் படகு கவிழ்ந்தால் தானாக நிமிருமா? (ஏறாவூர்)

கீலில், அதாவது படகின் அடியில் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் பாரப் பகுதியில், போதிய ஈயமோ இரும்போ இருந்து, வாசல்களும் மூடியிருந்தால் நிமிரும். ஆழ்கடலுக்கென்று ஒழுங்காகக் கட்டிய படகு 120 பாகை சரிந்தாலும் திரும்பி எழும்பும். எல்லாப் படகும் அப்படியென்று நம்பிவிடாதீர்கள். 1979 ஃபாஸ்ட்நெட் பாய்ப்படகுப் போட்டியில் சுமார் 300 படகுகள் புயலில் மாட்டி, 15 போட்டியாளர்கள் இறந்தார்கள். சில படகுகள் தலைகீழாகவே நிமிடக்கணக்கில் கிடந்தன. அகலமாகவும் இலேசாகவும் கட்டிய ஒற்றை உடல் படகு கவிழ்ந்தால் அந்த நிலையிலேயே நின்றுவிடும் என்பதை அதற்குப் பிறகுதான் எல்லோரும் கணக்குப் போட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். இன்னொன்றும் அதில் தெரிந்தது. ஆட்கள் கைவிட்டு இறங்கிய 24 படகுகளில் மூழ்கியவை ஐந்துதான். படகு உங்களை விடுமுன் நீங்கள் படகை விடாதீர்கள்.

மூன்று உடல் படகு எப்படி? (காத்தான்குடி)

வேகம். உள்ளே படுக்க இடமில்லை. குடும்பத்துக்கு வேண்டாம்.

என்னிடம் 18 அடி ஃபைபர் படகு இரண்டு இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, கூரையும் மாடியும் போட்டு, பாய் ஒன்றும் ஏற்றினால் 20 பேரைச் சுற்றிக் காட்டலாம். அகலம் கூடினால் கவிழாதுதானே? (வாழைச்சேனை)

இந்த "தானே"யை எத்தனை கடிதத்தில் பார்ப்பது? சாயாது என்பது ஒன்று, கவிழாது என்பது வேறொன்று. முன்பும் எழுதினேன், இனியும் எழுதுவேன்.

ஒற்றை உடல் படகு சாயச் சாய, அதைத் திருப்பி நிமிர்த்தும் பலம் கூடிக்கொண்டே போகும். கிட்டத்தட்ட 60 பாகை வரைக்கும் கூடும். கட்டமரனில் அந்தப் பலம் முதல் பத்துப் பன்னிரண்டு பாகைக்குள்ளேயே உச்சிக்கு வந்துவிடும். காற்றுப் பக்கத்து உடல் தண்ணீரை விட்டு எழும்பும் நேரம் அது. அதற்குப் பிறகு இறங்குமுகம்தான். 80 பாகை வருமுன் ஒன்றும் மிஞ்சாது. முதலாவது பயமுறுத்தும், காப்பாற்றும். இரண்டாவது கடைசி வரை பயமே காட்டாது.

இப்போது உங்கள் 20 பேர். ஆளுக்கு 65 கிலோ என்றால் 1,300 கிலோ. இரண்டு படகின் நடுக்கோட்டுக்கும் இடையில் எட்டடி என்று வைப்போம். எல்லோரும் நடுவில் இருந்தால் படகுக்கு 650 கிலோ. யாரோ ஒருவர் "அங்க பாருங்க, ஆமை!" என்று கத்த, எல்லோரும் எழும்பி மூன்றடி ஒரு பக்கமாகப் போகிறார்கள். ஒரு படகில் 1,100 கிலோவுக்கு மேல், மற்றதில் 170 கிலோகூடச் சரியாக இல்லை. உங்கள் படகுகள் மேலே திறந்தவை. விளிம்பு ஒரு தடவை தண்ணீருக்குள் போனால் படகு நிறையும், நிறைந்த பக்கம் மறுகா எழும்பாது. மாடியில் நிற்பவர்களின் பாரம் உயரத்தில் இருந்து இதை இன்னும் கெடுக்கும். இவ்வளவும் காற்றில்லாத நாளில். நீங்கள் பாயும் ஏற்றப் பார்க்கிறீர்கள்.

2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை (ஆட்களை அக்கரை சேர்க்கும் மிதவை) கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்கள். அது நடுக்கடல் அல்ல, புயலும் அல்ல. மண்முனையில் 2014இல் பாலம் வருமட்டும் நாமெல்லாம் பாதையில் போய்வந்தவர்கள்தான். ஆட்களை அசையாமல் நிற்கச் சொல்லிப் பாதைக்காரர் ஏன் சத்தம் போட்டார் என்று இப்போதாவது யோசியுங்கள்.

கட்டத்தான் போகிறீர்கள் என்றால் கேளுங்கள். மாடி கிடையாது. பாய் கிடையாது. 20 பேர் கிடையாது, எட்டுப் பேர் போதும், அதுவும் வாவிக்குள். இரண்டு படகின் மேல்பக்கத்தையும் அடைத்து, உள்ளே தனித்தனியாக மூடிய காற்றறைகள் கட்டுங்கள். ரெஜிபோம் (வெள்ளை நுரைக்கட்டி) திணித்துவிட்டேன் என்று எழுதாதீர்கள், பெற்றோல் பட்டால் அது கரைந்துபோகும். குறுக்குச் சட்டங்கள்தான் இந்த வகைப் படகின் உயிர். ஓர் உடலின் அணியம் (முன்முனை) எழும்பும்போது மற்றது தாழும், அந்த முறுக்கு முழுவதும் சட்டத்தில்தான் விழும். வெறும் ஃபைபரில் துளையிட்டு ஆணி முடுக்கினால் துளை நாளுக்கு நாள் பெரிதாகும். உள்ளே அகலமான தகடு வைத்து முடுக்குங்கள். மீன்பிடிக்கென்று பதிந்த படகு ஆள் ஏற்றும் படகல்ல, பதிவைச் சரிசெய்யுங்கள். உயிர்காப்பு அங்கி உடம்பில் இருக்க வேண்டும். ஆசனத்துக்குக் கீழே கட்டிவைத்த அங்கி ஆசனத்தைத்தான் காப்பாற்றும்.

கட்டமரனில் எப்போது பாயைச் சுருக்குவது? படகு சாய்ந்து காட்டாதே. (வந்தாறுமூலை, மாணவர்)

இந்தத் தடவையில் உருப்படியான கேள்வி இதுதான், தம்பி. ஒற்றை உடலில் படகே சொல்லும். விளிம்பு நனையும், சுக்கான் கனக்கும், நீங்களாகவே சுருக்குவீர்கள். கட்டமரனில் காற்றுமானியைப் பார்த்துத்தான் சுருக்க வேண்டும். கட்டியவர் எந்த வேகத்துக்கு எவ்வளவு பாய் என்று அட்டவணை தந்திருப்பார், அதைச் சுக்கானருகே ஒட்டிவையுங்கள். காற்று ஒன்றரை மடங்கானால் பாயில் விழும் பலம் இரண்டேகால் மடங்கு. சராசரிக் காற்றுக்கு அல்ல, திடீரென்று அடிக்கும் குமுறலுக்குச் சுருக்குங்கள். இரவில் ஒரு மடிப்புக் கூடவே சுருக்குங்கள். காற்றோடு ஓடும்போது வேகம் இதமாக இருக்கும், காற்றே இல்லாதது போலத் தோன்றும். அணியம் முன்னலையில் குத்தி, பின்பக்கம் தலைக்கு மேலால் வருவது அப்போதுதான். சாயாதது கவிழாதது அல்ல.

மட்டக்களப்பு வாவியில் கீல் வைத்த பாய்ப்படகு ஓடுமா? (ஆரையம்பதி)

40 அடிப் படகின் கீல் இரண்டு மீற்றர். வாவியில் ஆள் இறங்கி நிற்கும் இடங்கள் எத்தனை? முகத்துவாரம் வருடம் முழுக்கத் திறந்திருக்காது. கல்லடிப் பாலத்தின் கீழே பாய்மரம் நுழையாது. தூக்கி இறக்கும் பலகை வைத்த சின்னப் படகு எடுங்கள்.

அறுகம்குடாவில் நங்கூரமிட்ட வெளிநாட்டுப் படகு இரவு முழுக்க உருண்டது. பக்கத்தில் கட்டமரன் சும்மா நின்றது. ஏன்? (பொத்துவில்)

அலைச்சறுக்குக்காரர் தேடி வரும் அதே தெற்கு அலைதான் காரணம். நங்கூரத்தில் படகு காற்றைப் பார்த்து நிற்கும், அலை பக்கவாட்டில் வந்து உருட்டும். பாய் இறக்கியிருப்பதால் அடக்க ஆளில்லை. பின்பக்கமாக இரண்டாவது நங்கூரம் போட்டு அணியத்தை அலைக்குத் திருப்பினால் உருளல் நன்றாகக் குறையும். நங்கூரத்தில் நிற்கும் சுகம் என்று வந்தால் கட்டமரனுக்கு நிகரில்லை, அதை நான் மறுக்கவில்லை. அதோடு ஒரு மீற்றர் சொச்ச ஆழம் போதும் என்பதால் கரைக்குக் கிட்ட வந்து ஒதுங்கும். ஆனால் பாரம் தாங்காது. ஜெனரேற்றர், ஏசி, ஐஸ்பெட்டி என்று ஏற்ற ஏற்ற நடுத்தட்டு தாழும், அலை அறையும், வேகம் போகும்.

பக்கத்தில் மிதப்புக்கட்டை கட்டிய பழைய ஓரப்படகில் அந்தக் கட்டை எந்தப் பக்கம் இருக்க வேண்டும்? (அக்கரைப்பற்று)

காற்று வரும் பக்கம். நீர்கொழும்பில் பாயோடு ஓடும் வள்ளங்கள் திசை மாற்றும்போது திரும்புவதில்லை. பாயை மறுமுனைக்குக் கொண்டுபோய், பின்பக்கத்தையே முன்பக்கமாக்கி ஓடும். கட்டை எப்போதும் காற்றுப் பக்கமே இருக்கும். காற்றுப் பலக்க ஆட்கள் குறுக்குக் கழியில் ஏறி இருந்து பாரம் கொடுப்பார்கள்.

கட்டமரன் கவிழ்ந்துவிட்டால் என்ன செய்வது? (திருக்கோவில்)

நிமிர்த்தலாம் என்று கனவு காணாதீர்கள். கடற்கரை விளையாட்டுக்கு வைத்திருக்கும் சின்னப் படகைத்தான் ஆட்கள் நிமிர்த்தலாம். பெரியது தலைகீழாகவே கிடக்கும், ஆனால் ஒழுங்காகக் கட்டியிருந்தால் மூழ்காது. கீல் படகில் துளை விழுந்தால் அந்த ஈயமே கீழே இழுத்துக்கொண்டு போகும், இதில் அந்தப் பயமில்லை. உடலோடு கயிற்றால் கட்டிக்கொண்டு அங்கேயே இருங்கள். கவிழ்ந்த படகு விமானத்துக்குத் தெரியும், தனித் தலை தெரியாது. கடல் வானொலியில் 16ஆம் அலைவரிசையில் உதவி கேளுங்கள், வானொலி கையில் எடுக்கும் நீர்புகா வகையாக இருக்க வேண்டும். கரைக்கு நீந்த வேண்டாம், கச்சான் காலத்தில் முக்கியமாக. கச்சான் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று. கரையோரம் தட்டையாகத் தெரியும் கடல் உங்களை வெளியே தள்ளிக்கொண்டு போகும்.

இரண்டில் எது நல்லது? விலை எவ்வளவு? உடனே பதில் தேவை. (ஊர் எழுதவில்லை)

எத்தனை அடி, எந்தக் கடல், எந்த மாதம், எத்தனை பேர்? ஒன்றுமே எழுதாமல் உடனே பதில் கேட்கிறீர்கள். நாலையும் எழுதி அனுப்புங்கள். ஊரையும் எழுதுங்கள்.