கண் நேராகிவிட்டது, கண்ணாடியைக் கழற்றலாமா?

கேள்வி: டாக்டர், என் மகளுக்கு 6 வயது. மாறுகண்ணைச் சரிசெய்ய இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் செய்து இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. கண் நேராகிவிட்டது. ஆனால் மூக்கை ஒட்டிய பக்கம் வெள்ளை விழி ரத்தமாகச் சிவந்து கிடக்கிறது. முதல் நாள் ராத்திரி தலையணை உறையில் இளஞ்சிவப்புக் கறையைப் பார்த்துப் பதறிவிட்டேன். சொட்டு மருந்து பாட்டிலை எடுத்தாலே ஓடி ஒளிந்துகொள்கிறாள். அழுதால் தையல் பிரிந்துவிடுமா? டிவி பார்க்க விடலாமா? தலைக்கு எப்போது ஊற்றலாம்? ‘கண்தான் நேராகிவிட்டதே, இனி எதற்குக் கண்ணாடி?’ என்று வீட்டில் பெரியவர்கள் வேறு கேட்கிறார்கள்.

பதில்: பெரியவர்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சிவப்பு தானாகப் போய்விடும். கண்ணாடி விஷயத்தில் தப்பு செய்தால் அது தானாகச் சரியாகாது.

கண்ணாடியைக் கழற்றாதீர்கள் அம்மா. ஆபரேஷனில் நாங்கள் தொடுவது கண்ணைத் திருப்பும் தசையை மட்டும்தான். கண்ணுக்குள் இருக்கும் பவர் அப்படியேதான் இருக்கிறது. பிளஸ் பவர், அதாவது தூரப்பார்வை, உள்ள குழந்தை கண்ணாடி இல்லாமல் கூர்ந்து பார்க்க முயன்றால், அந்த முயற்சியே கண்ணை மறுபடி மூக்குப் பக்கம் இழுக்கும். ஒரு கண்ணை மூடி ஒட்டும் பேட்ச் போடச் சொல்லியிருந்தால் அதையும் நிறுத்தாதீர்கள். மாறுகண் இருந்த காலத்தில் மூளை ஒரு கண்ணின் பார்வையை ஒதுக்கப் பழகியிருக்கலாம். ‘சோம்பேறிக் கண்’ என்கிறோமே, அது. தசையை இடம் மாற்றினால் அது விழித்துக்கொள்ளாது. நல்ல கண்ணை மூடி, மற்றதற்கு வேலை கொடுத்தால்தான் விழிக்கும். 7, 8 வயதுக்குள் இதைச் செய்தால் பலன் நன்றாக இருக்கும், போகப் போகக் கடினம். ஒரு பையனின் வீட்டில் ‘கண் அழகாகிவிட்டது’ என்று கண்ணாடியை மேசை டிராயரில் போட்டு மூடிவிட்டார்கள். எட்டு மாதம் கழித்து அவன் வந்தபோது இரண்டு கண்ணும் நேராகத்தான் இருந்தன. ஆனால் ஒரு கண்ணால் எழுத்துப் பலகையின் மேல் இரண்டு வரியைத் தாண்ட முடியவில்லை. பவர் மாறியிருக்கிறதா, பேட்ச் நேரத்தைக் குறைக்கலாமா என்பதை உங்கள் டாக்டர் மறு பரிசோதனையில் பார்த்துச் சொல்வார். அதுவரை பழைய கண்ணாடிதான், பழைய பேட்ச்தான்.

இனி அந்தச் சிவப்பு. ஒவ்வொரு கண்ணையும் திருப்ப ஆறு தசைகள் இருக்கின்றன. ஆபரேஷனுக்காகக் கண்ணை வெளியே எடுப்பார்கள் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அப்படி ஒன்றும் கிடையாது. வெள்ளை விழியை மூடியிருக்கும் மெல்லிய சவ்வில் சின்னதாக ஒரு திறப்பு வைத்து, தசையை அதன் இடத்திலிருந்து எடுத்துச் சில மில்லிமீட்டர் தள்ளித் தைப்போம். 1839-இல் பெர்லினில் டீஃபன்பாக் என்ற அறுவை மருத்துவர் ஏழு வயதுப் பையனுக்கு முதன்முதலாக வெற்றிகரமாக இதைச் செய்தபோது தசையை வெட்டிவிட்டதோடு சரி, தைக்கவில்லை. அந்த முறையில் பலருக்குக் கண் எதிர்ப்பக்கம் ஓடிவிட்டது. இன்று தையல் இருப்பதால்தான் தசை வைத்த இடத்தில் நிற்கிறது. அந்தத் தையலும் சில வாரங்களில் தானே கரைந்துவிடும், பிரிக்க வேண்டியதில்லை.

தையல் போட்ட இடத்தில் கசிந்த ரத்தம்தான் நீங்கள் பார்க்கும் சிவப்பு. இரண்டு மூன்று வாரத்தில் மங்கி, லேசாக மஞ்சளித்து மறையும். சிலருக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். முதல் ஓரிரு நாள் கண்ணீரில் ரத்தம் கலந்து வருவதும் வழக்கம்தான், தலையணைக் கறை அதுதான். மணல் விழுந்தாற்போல உறுத்தல், காலையில் இமை ஒட்டிக்கொள்வது, பக்கவாட்டில் பார்த்தால் வலி, இவையும் இருக்கும். இமை ஒட்டியிருந்தால் காய்ச்சி ஆறிய நீரில் சுத்தமான பஞ்சை நனைத்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒருமுறை துடைத்துப் பஞ்சைப் போட்டுவிடுங்கள். அடுத்த கண்ணுக்கு வேறு பஞ்சு.

சொட்டு மருந்துப் போராட்டம் எனக்குப் புதிதில்லை. என் மகனுக்கு ஐந்து வயதில் இதே ஆபரேஷன் நடந்தது. ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் மருந்து விடும் என்னிடம் அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஒருவர் கையைப் பிடிக்க, ஒருவர் இமையைப் பிரிக்க என்று முதல் நாள் பட்ட பாட்டில் மூன்று பேருமே அழுதோம். மறுநாளிலிருந்து வழியை மாற்றினேன். பாட்டிலை ஒரு நிமிடம் உள்ளங்கையில் வைத்துச் சில்லிப்பைப் போக்குவேன். அவனை மல்லாக்கப் படுக்கவைத்து, ‘கண்ணை மூடிக்கோ’ என்பேன். அது அவனுக்குப் பிடித்த வேலையாயிற்றே! மூடிய கண்ணில், மூக்கை ஒட்டி ஒரு சின்னக் குழி இருக்கும் பாருங்கள், அதில் ஒரு சொட்டு. மருந்து அங்கேயே முத்துபோல நிற்கும். ‘இப்போது கூரையைப் பார்’ என்றால் கண் திறக்கும், மருந்து தானே உள்ளே வழிந்துவிடும். உங்கள் மகளுக்கும் செய்து பாருங்கள். கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், பாட்டில் நுனி இமையில் படக் கூடாது. இரண்டு மருந்து இருந்தால் நடுவே ஐந்து நிமிடம் விடுங்கள், களிம்பு கடைசியில்.

இந்தச் சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். சொன்ன நாளுக்கு மேல் நீங்களாக நீட்டித்தால் கண் அழுத்தம் ஏறலாம். மீதியை ‘அடுத்த முறைக்கு ஆகும்’ என்று வைக்காமல் தூக்கிப் போடுங்கள்.

அழுதால் தையல் பிரியாது. டிவி, புத்தகம், படம் வரைவது எல்லாம் செய்யலாம். கண்ணை அசைத்தால் எதுவும் கெட்டுவிடாது. கசக்கக் கூடாது, அதுதான் முக்கியம். தூக்கத்தில் கசக்குகிறாள் என்றால் இரவில் கண்ணுக்குக் கவசம் வைக்கலாமா என்று கேளுங்கள். மணலில் விளையாட்டு இப்போது வேண்டாம், நீச்சல் டாக்டர் அனுமதித்த பிறகு. பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரம் கழுத்துக்குக் கீழே குளிப்பாட்டுங்கள். அப்புறம் தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் நீர் வழியாமல் தலைக்கு ஊற்றலாம்.

குறைந்துவந்த வலி மறுபடி ஏறினாலோ, இமை வீங்கினாலோ, சீழ், காய்ச்சல், பார்வை மங்கல் வந்தாலோ காலைவரை காத்திருக்காதீர்கள். நேராக இருந்த கண் திடீரென ஒரு பக்கம் போய், எதிர்ப்பக்கம் திரும்ப மறுத்தாலும் அன்றே காட்டுங்கள். தசை நழுவியிருக்கலாம்.

கேள்வி: எனக்கு 34 வயது. சிறு வயது மாறுகண்ணுக்கு இப்போதுதான் ஆபரேஷன் செய்தேன். ஒரு வாரமாக எல்லாம் இரண்டாகத் தெரிகிறது. தவறு செய்துவிட்டேனா?

பதில்: இல்லை. இத்தனை வருடம் உங்கள் மூளை ஒரு படத்தை ஒதுக்கியே பழகியது. கண் நகர்ந்ததும் அந்தப் படம் புது இடத்தில் விழுகிறது. அதற்குப் பழக நேரம் வேண்டும். தசை வீக்கமும் சேர்ந்துகொள்ளும். பெரும்பாலும் சில நாளில், அல்லது சில வாரத்தில் அடங்கிவிடும். கண்ணின் இறுதி நிலையை ஏறக்குறைய ஆறு வாரம் கழித்துத்தான் கணிப்போம். அப்போதும் நீடித்தால், கண்ணாடியில் ஒட்டும் பிரிசம் (ஒளியைத் திருப்பி இரண்டு படத்தையும் ஒன்றாக்கும் பட்டை) போன்ற வழிகள் உண்டு. இரட்டைப் பார்வை போகும்வரை வண்டி ஓட்டாதீர்கள். படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.